யாரும் எடுக்காத முடிவு

ஒரே இணையதளம், ஒரே மாதம், மூன்று கணக்கு. நான் கைகொடுத்துவரும் ஒரு சிற்றிதழின் இணையதளத்தில் இதைச் செய்துபார்த்தோம். சர்வர் தானாகவே எழுதிவைக்கும் லாக் கோப்பை ஒருபுறம் எண்ணினோம். குக்கீ வைத்து எண்ணும் அனலிட்டிக்ஸ் கருவி ஒன்று ஏற்கெனவே இருந்தது. குக்கீயே வைக்காத கருவி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தோம். மாதக் கடைசியில் மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி ஆசிரியர் முன் வைத்தேன். லாக் கோப்பின் எண் மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு பெரிது. மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுல எது தம்பி உண்மை?"

மூன்றும் உண்மைதான் சார் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

லாக் கோப்பில் ஒரு வரி என்பது ஒரு கோரிக்கை. கேட்டவரின் ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம், கொடுத்தோமா இல்லையா என்பதற்கான குறி, எத்தனை பைட், எங்கிருந்து வந்தார், எந்த பிரவுசர் என்று எல்லாம் ஒரே வரியில் இருக்கும். கோரிக்கை வைப்பவர் மனிதராக இருக்க வேண்டும் என்பதில்லை. தேடுபொறிகளின் தானியங்கிகள், செயற்கை நுண்ணறிவுக்காகப் பக்கங்களை வாரிக்கொண்டுபோகும் நிரல்கள், எங்காவது கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் திருட்டு நிரல்கள் எல்லாம் அதே வரிசையில்தான் நிற்கும். எங்கள் தளம் வேர்ட்பிரஸில் ஓடவில்லை. ஆனால், அதிகாலை மூன்று மணிக்கு யாரோ வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள். அத்தனையும் கணக்கில் இருந்தது.

குக்கீ கருவி பிரவுசருக்குள் ஓடும் சிறு நிரல். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களிடம் அது பெரும்பாலும் ஓடுவதே இல்லை. அவர்கள் வந்ததே அதற்குத் தெரியாது. ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2019 முதல், இப்படி நிரல் வழியாக வைக்கப்படும் குக்கீகளை ஏழு நாளில் அழித்துவிடுகிறது. எங்கள் இதழ் மாதம் ஒருமுறை வருகிறது. டொரன்டோவில் ஐபோனில் படிக்கும் ஒரு வாசகர் ஒவ்வொரு இதழுக்கும் தவறாமல் வந்தாலும், அந்தக் கருவிக்கு அவர் மாதாமாதம் புது ஆள். எங்களுடைய மிக விசுவாசமான வாசகர்கள்தான் "புதிய பார்வையாளர்கள்" என்ற வரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்துகொண்டும் இருந்தோம்.

குக்கீ இல்லாத கருவி வேறு வழியில் எண்ணுகிறது. ஐபி முகவரி, பிரவுசர் விவரம் இரண்டோடும் அன்றைக்கு மட்டும் செல்லும் ஒரு ரகசிய எண்ணைக் கலந்து அடையாளக் குறி ஒன்றை உண்டாக்கும். மறுநாள் அந்த ரகசிய எண் மாறிவிடும். பழைய குறியிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தரங்கத்துக்கு நல்ல ஏற்பாடு. ஆனால், திங்கட்கிழமை வந்தவர் செவ்வாய்க்கிழமையும் வந்தால் இரண்டு பேர். ஒரே வீட்டு வைஃபையில் ஒரே மாதிரி போன் வைத்திருக்கும் அண்ணனும் தங்கையும் ஒருவர்.

ஆக, கருவியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால் "வாசகர்" என்ற சொல்லுக்கு ஒரு பொருளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். அந்தப் பொருளை முடிவுசெய்ய வேண்டியவர் ஆசிரியர். கடையாக இருந்தால் முதலாளி. பள்ளியாக இருந்தால் தலைமையாசிரியர். நடைமுறையில் அந்த முடிவை யாருமே எடுப்பதில்லை. தளத்தைச் செய்துகொடுப்பவர் வழக்கமாக ஒட்டும் நான்கு வரி நிரலை ஒட்டிவிட்டுப் போகிறார். அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த நான்கு வரி காட்டும் எண்ணை வைத்து எதை எழுதுவது, எதை நிறுத்துவது, யாருக்கு இன்கிரிமென்ட் என்று முடிவாகிறது. இந்தக் கட்டுரையில் நான் வாதிடப்போவது இந்த ஒன்றைத்தான்: இது டெவலப்பரிடம் விட்டுவிடும் வேலை அல்ல. நிறுவனத்தை நடத்துபவர்கள் மேசையில் வைத்துப் பேசி எடுக்க வேண்டிய முடிவு.

எழுத்தை நம்பி நடக்கும் தளங்களுக்கு இதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உலகம் முழுக்க மிகப் பரவலாகப் பயன்பட்ட பழைய கூகுள் அனலிட்டிக்ஸ், ஒருவர் ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை அவர் அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்திலிருந்து கழித்துத்தான் கண்டுபிடித்தது. அடுத்த பக்கம் திறக்கவில்லை என்றால் கழிக்க எதுவுமில்லை. ஒரு நீண்ட சிறுகதையை இருபது நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டு, மனம் கனத்து, தளத்தை மூடியவர் அந்தக் கணக்கில் பூஜ்ஜிய நொடி இருந்தவர். கூடவே "பவுன்ஸ்" ஆனவர், அதாவது வந்த வாசலிலேயே திரும்பியவர். அந்தக் கதை தோற்ற கதை. பத்துப் படத்தைப் பத்துப் பக்கமாகப் பிரித்துப் போட்ட நடிகையின் புகைப்படத் தொகுப்பு வென்ற பக்கம். தமிழ்ச் செய்தித் தளங்களில் ஒரு காலத்தில் "அடுத்த பக்கம்" பொத்தான்கள் ஏன் அப்படிப் பெருகின என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கழித்தல் கணக்கு நினைவுக்கு வரும்.

புதிய கூகுள் அனலிட்டிக்ஸ் 4 அந்தக் கணக்கை மாற்றியது. பக்கம் திரையில் கண்முன் இருக்கும் நேரத்தை அது அளக்கிறது, நல்ல திருத்தம். ஆனால், பத்து நொடிக்கு மேல் நீடித்த வருகை "ஈடுபாடுள்ள" வருகை என்பது அதன் இயல்பு ஏற்பாடு. பழைய கருவியில் இருபது நிமிடமும் பூஜ்ஜியம். புதிய கருவியில் பதினோராவது நொடியே ஈடுபாடு. பவுன்ஸ் ரேட் என்ற பெயர் இரண்டிலும் இருக்கிறது, பொருள் வேறு. கருவி மாறிய மாதத்தில் பவுன்ஸ் ரேட் சரிந்தது என்று கேக் வெட்டிய அலுவலகங்கள் இருந்தால் அதில் எனக்கு வியப்பில்லை. அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வரையறையில் ஒரு சிறு பிசகு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2016இல் உலகம் பார்த்தது. வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கில் மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை ஃபேஸ்புக் சேர்க்காமல் விட்டிருந்தது. சராசரி அதனால் வீங்கிப்போயிருந்தது. இரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தத் தவற்றை அந்த ஆண்டு செப்டம்பரில் அது ஒப்புக்கொண்டது. அதற்குள், எழுத்தைவிட வீடியோதான் எதிர்காலம் என்று நம்பிப் பல ஊடக நிறுவனங்கள் எழுதுபவர்களைக் குறைக்கத் தொடங்கியிருந்தன. அந்த முடிவுகளுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, யாரும் வரையறையைக் கேட்காத ஓர் எண்.

இலவசம் என்ற சொல்தான் இந்தத் துறையின் வரலாற்றைத் திருப்பியது. 2005இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்த அர்ச்சின் என்ற நிறுவனத்தை கூகுள் வாங்கியது. அர்ச்சின் காசுக்கு விற்ற கருவியை அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாக்கியபோது கூட்டம் தாங்கவில்லை. புதிய பதிவுகளைச் சில காலம் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. இன்று நாம் லிங்க்குகளின் வாலில் சேர்க்கும் யுடிஎம் குறியில் முதல் எழுத்து அந்த அர்ச்சின்தான். கூகுள் அதை ஏன் இலவசமாகக் கொடுத்தது என்பதில் மர்மம் எதுவுமில்லை. விளம்பரம் விற்பது அதன் தொழில். கொடுத்த விளம்பரத்தால் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று தெரிந்தால் விளம்பரதாரர் இன்னும் கொடுப்பார். கருவி அந்த வேலைக்காகச் செய்யப்பட்டது. அந்த வேலையை மிக நன்றாகச் செய்கிறது. இணையத்தில் விளம்பரம் கொடுத்துச் சேலை விற்கும் ஒரு கடைக்கு நான் இன்றும் அதைத்தான் சொல்வேன். விளம்பரமே கொடுக்காத நூலகத்துக்கும் சிற்றிதழுக்கும் அது ஏன் என்பதுதான் என் கேள்வி.

இலவசத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 அன்று எண்ணுவதை நிறுத்தியது. சரியாக ஓராண்டு கழித்து, பழைய கணக்குகளைத் திறந்து பார்க்கவும் முடியாமல் போனது. முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்தார்கள், தரவை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். ஆனால், அறிவிப்பு போன மின்னஞ்சல் முகவரி எந்த டெவலப்பருடையது, அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதே பல சிறு நிறுவனங்களுக்குத் தெரியாது. புதிய கருவியின் இலவசப் பதிப்பில், ஒவ்வொரு வருகையையும் தனித்தனியாகக் கிளறிப் பார்க்கும் தரவு இயல்பாக இரண்டு மாதம்தான் இருக்கும். அமைப்பை மாற்றினால் 14 மாதம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாமே வெளியே எடுத்துச் சேமிக்க வேண்டும். சென்ற பொங்கலையும் இந்தப் பொங்கலையும் அப்படிக் கிளறி ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கும் ஜவுளிக்கடைக்காரர் முதல் நாளே அந்த ஓர் அமைப்பை மாற்றியிருக்க வேண்டும். யார் அவருக்குச் சொன்னார்கள்?

இணையதளத்தில் ஒட்டிய நிரலை ஒரு நிமிடத்தில் நீக்கிவிடலாம். செயலியில் அப்படி முடியாது. அங்கே அனலிட்டிக்ஸ் நிரல் செயலியோடு சேர்த்துக் கட்டப்பட்டு லட்சம் போன்களுக்குப் போய்விடுகிறது. பயனர் அப்டேட் செய்யும்வரை அது அங்கேயே இருந்து அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் செயலிக்குக் கருவி தேர்ந்தெடுப்பதில் இரட்டைக் கவனம் வேண்டும். ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கணக்கு செயலியின் கதை இதற்குப் பாடம். அந்தச் செயலிக்குள் இருந்த சில அனலிட்டிக்ஸ் நிரல்கள் வழியாக, பெண்கள் செயலிக்குள் செய்தவை "நிகழ்வு"களாக வெளியே போயின. நிகழ்வு என்பதற்கு நிரலாளர் ஒரு பெயர் வைக்க வேண்டும். அதில் ஒரு பெயருக்கு "கர்ப்ப வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது" என்று பொருள். அந்தப் பெயர் அப்படியே ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களின் சர்வர்களுக்குப் போனது. வால்ஸ்ட்ரீட் ஜர்னல் 2019இல் இதை வெளியிட்டது. உடல்நல விவரங்களை வெளியே தர மாட்டோம் என்று கொடுத்த வாக்கை மீறியதாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன் குற்றம்சாட்டியது. 2021இல் சமரசம் ஏற்பட்டது. 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஒரு ஜூரி, இந்த விவகாரத்தில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அம்மாநிலத்தின் அந்தரங்கச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது.

நிகழ்வுக்குப் பெயர் வைத்த நிரலாளருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. எந்தத் திரையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் அவர் அதை எழுதியிருப்பார். எண்ணுவதற்காக எழுதிய ஒரு சொல், எழுதியவர் நினைத்தே பார்க்காத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட முடியாது. அம்மாவுக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்க ஒரு மருத்துவமனையின் தளத்தைத் திறந்தேன். பழக்கதோஷத்தில் பிரவுசரின் டெவலப்பர் பகுதியையும் திறந்துவைத்திருந்தேன். பக்கம் எங்கெங்கே பேசுகிறது என்பதை வரிவரியாகக் காட்டும் பகுதி அது. சிறுநீரகப் பிரிவு என்று தேர்ந்தெடுத்து, டாக்டர் பெயரைத் தொட்டேன். அதே நொடியில் பிரிவின் பெயரும் டாக்டரின் பெயரும் அடங்கிய பக்க முகவரி மூன்று வெளி நிறுவனங்களுக்குப் போனது. அதில் ஒன்று விளம்பர நிறுவனம். அம்மாவின் பெயர் போகவில்லை. ஆனால், என் பிரவுசரின் அடையாளம் போனது, அந்த நிறுவனத்துக்கு அந்த பிரவுசர் யாருடையது என்று தெரிந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மருத்துவமனைக்கு போன் செய்து கேட்டேன். "எங்களுக்குத் தெரியாது சார், வெப்சைட் பண்ணிக்கொடுத்தவங்க போட்டிருப்பாங்க" என்றார்கள், மரியாதையாகவே. செய்துகொடுத்தவரையும் பிடித்துக் கேட்டேன். "எல்லா சைட்டுக்கும் போடறதுதான் சார், டெம்ப்ளேட்லயே இருக்கு." இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரு நோயாளி எந்தப் பிரிவைத் தேடுகிறார் என்ற தகவலை வெளியே அனுப்பும் முடிவை அந்தக் கட்டடத்தில் யாருமே எடுக்கவில்லை. அது டெம்ப்ளேட்டில் இருந்தது.

தெரியாது என்று சொல்லித் தப்பிக்கும் காலம் முடிகிறது. இந்தியாவில் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். 18 வயது நிறையாதவர்களைப் பின்தொடர்வதும் அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் அந்தச் சட்டத்தில் தடை. கல்வி நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட வரம்புக்குள் சில விலக்குகள் உண்டு. விளம்பர நிறுவனத்துக்குத் தகவல் அனுப்ப அந்த விலக்கு இடம் கொடுக்கும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய்வரை போகலாம். பிளஸ் டூ மாணவருக்கு வயது 17. நீட் பயிற்சி தரும் செயலிகள், பாடக் காணொளித் தளங்கள், பள்ளிக் கட்டணச் செயலிகள் எல்லாவற்றிலும் எந்த அனலிட்டிக்ஸ் இருக்கிறது என்று அவற்றை நடத்துபவர்கள் இன்றைக்கே ஒரு பட்டியல் எடுக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இந்தக் கதை முன்பே நடந்துவிட்டது. கூகுள் அனலிட்டிக்ஸ் வழியாக அமெரிக்காவுக்குத் தரவு போவது தங்கள் சட்டத்துக்கு முரண் என்று 2022 ஜனவரியில் வெளியான உத்தரவில் ஆஸ்திரியாவும், அடுத்த மாதம் பிரான்ஸும், ஜூனில் இத்தாலியும் குறிப்பிட்ட தளங்களின் வழக்குகளில் முடிவுசெய்தன. 2023 ஜூலையில் இரு தரப்புக்கும் இடையே புதிய ஏற்பாடு வந்த பிறகே நிலைமை தணிந்தது. நடுவில் ஒன்றரை ஆண்டு, தளம் நடத்தியவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். சொந்த சர்வரில் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தவிப்பு இல்லை. ஐரோப்பிய ஆணையமே தன் தளங்களுக்கு மடோமோ என்ற திறந்த மூலக் கருவியைத்தான் பயன்படுத்துகிறது. 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி, 2018இல் மடோமோ ஆனது அது. மென்பொருளுக்குக் காசில்லை, நாமே ஒரு சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். தரவு நம் வீட்டிலேயே இருக்கும். ஆனால், வீட்டைக் கூட்டிப் பெருக்கும் வேலையும் நம்முடையது: அப்டேட் போட வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும். அதற்கு ஆளில்லாதவர்களுக்கு பிளாசிபிள், உமாமி போன்ற எளிய கருவிகள் இருக்கின்றன. இவையும் திறந்த மூலம்தான். மாதக் கட்டணம் கொடுத்தால் அவர்களே நடத்தியும் தருவார்கள். ஒரே திரையில் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், ஆசிரியரே திறந்து பார்க்கிறார். நூறு அறிக்கைகள் கொண்ட கருவியை அவர் ஒருநாளும் திறக்கப்போவதில்லை.

நம் மொழிக்கென்று சில சோதனைகள் இருக்கின்றன. எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் அவற்றைப் பார்க்க முடியாது. தமிழில் தலைப்பு வைத்தால் பக்க முகவரியும் தமிழில் வரும். இணையம் அதை உள்ளுக்குள் குறியீடாக மாற்றும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒன்பது எழுத்துகள் ஆகின்றன. "தமிழ்" என்ற சொல்லில் கணினிக்கு ஐந்து குறிகள். மாறியபின் 45 எழுத்துகள். கூகுள் அனலிட்டிக்ஸ் 4இல் நாம் சொந்தமாகச் சேர்க்கும் ஒரு விவரத்துக்கு 100 எழுத்துதான் வரம்பு. மாற்றிய முகவரியை அப்படியே அதில் போட்டால் பதினொரு குறியோடு வெட்டுப்படும். "முதலமைச்சர்" என்று தொடங்கும் செய்திகள் அத்தனையும் அறிக்கையில் ஒரே வரியாகச் சேர்ந்துவிடும். அதனால் கட்டுரைக்கு ஓர் எண்ணைக் கொடுத்து அந்த எண்ணை அனுப்புவதே நல்லது.

தளத்துக்குள் தேடும் சொற்களைப் பார்த்தபோது எனக்கு இன்னொரு வியப்பு. "கொடை" என்ற சொல் இரண்டு வரியில் வந்திருந்தது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. "கொ" என்பதை ஒருங்குறியில் ஒரே உயிர்க்குறி வைத்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். விசைப்பலகையைப் பொறுத்து மாறும். இரண்டும் ஒன்று என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் அது பாதிப் பாதியாகத்தான் எண்ணும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுபவர்கள் மூன்றாவது வரி, நான்காவது வரி. எந்தக் கருவியையும் வாங்கும் முன் நீளமான ஒரு தமிழ்த் தலைப்பைக் கொடுத்து, அறிக்கையில் அது எப்படி வந்து நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

வாட்ஸ்அப்பையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒரு கட்டுரை பரவுவது குடும்பக் குழுவிலும் முன்னாள் மாணவர் குழுவிலும்தான். அந்தச் செயலியிலிருந்து லிங்க்கைத் தொட்டு வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பெரும்பாலும் கூட வருவதில்லை. கருவி அவரை "நேரடி" என்ற வரியில் போட்டுவிடும், முகவரியைத் தானே தட்டி வந்தவர்போல. நேரடி வருகை அதிகம் என்று மகிழ்ந்து, நம் தளத்தின் பெயர் மக்கள் மனதில் பதிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாமே பகிரும் லிங்க்கில் யுடிஎம் குறி சேர்த்தால் ஓரளவு தெரியும். ஓரளவுதான், அதே லிங்க்கை ஒருவர் நகலெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால், அங்கிருந்து வருபவர்களும் வாட்ஸ்அப் கணக்கில்தான் சேர்வார்கள்.

செயலி நடத்துபவர்களுக்குத் தேவை வேறு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, எந்தப் படியில் நின்றுவிட்டார்கள், அடுத்த வாரம் திரும்பினார்களா என்பதே அவர்கள் கேள்வி. மிக்ஸ்பேனல், ஆம்ப்ளிட்யூட், போஸ்ட்ஹாக் போன்றவை அதற்காகவே வந்தவை. ஓடிபி கேட்கும் திரையில் பாதிப் பேர் வெளியேறுகிறார்கள் என்று தெரிந்தால், எஸ்எம்எஸ் தாமதமாகப் போகிறதா என்று போய்ப் பார்க்கலாம். அந்த ஒரு தகவல் கருவியின் விலையை ஈடுகட்டும். ஆனால், இவற்றில் பெரும்பாலும் கட்டணம் நிகழ்வு எண்ணிக்கையோடு ஏறும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு தொடுதலையும் அனுப்பினால் பில்லும் ஏறும், பார்ப்பதற்கும் ஆள் இருக்காது. இருபது நிகழ்வுகளுக்கு மேல் தேவைப்படும் சிறு செயலியை நான் இதுவரை பார்க்கவில்லை. பயனரின் திரை அசைவுகளைப் படம்போல மீண்டும் ஓட்டிக் காட்டும் கருவிகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தட்டும் பெட்டிகளை அவை மறைத்தாலும், திரையில் அச்சாகும் பெயரும் ஆதார் எண்ணும் மறைகின்றனவா என்று நாமே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும்.

அரசுத் தளங்களைப் பற்றி ஒரு விருப்பம். அமெரிக்க அரசு 2015 மார்ச் முதல் தன் தளங்களுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு தளத்தில் வைத்திருக்கிறது. பட்டா பார்க்கும் தளத்திலும், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் தளத்திலும் எந்தப் படியில் எத்தனை பேர் கைவிடுகிறார்கள் என்று நம் அரசும் மாதம் ஒருமுறை வெளியிட்டால், எந்தப் படிவம் மக்களை அலைக்கழிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒருவர் பெயரையும் சேகரிக்க வேண்டியதில்லை.

சிற்றிதழுக்கு வருகிறேன். அந்த மூன்று எண் எழுதிய தாளின் பின்பக்கத்தை ஆசிரியரிடம் கொடுத்து, "உங்களுக்கு உண்மையிலேயே என்ன தெரியணும் சார்? எழுதுங்க" என்றேன். நெடுநேரம் யோசித்தார். எழுதியது ஒரே வரி: இந்த இதழைப் படித்தவர்கள் அடுத்த இதழுக்கும் வருகிறார்களா?

மூன்று கருவிகளாலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. லாக் கோப்புக்கு ஆள் தெரியாது. சஃபாரியில் குக்கீ ஒரு வாரத்தில் அழிகிறது. குக்கீ இல்லாதது நள்ளிரவில் மறந்துவிடுகிறது. பதிவுசெய்து உள்ளே வாருங்கள் என்று வாசகரைக் கட்டாயப்படுத்தினால் தெரிந்துவிடும். அதற்கு அவர் ஒப்பவில்லை. "படிக்க வர்றவங்ககிட்ட பேர் கேட்டா நல்லா இருக்காது தம்பி" என்றார். குக்கீ கருவியை எடுத்துவிட்டோம். எளிய கருவி ஒன்று மட்டும் இருக்கிறது, சொந்த சர்வரில். ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் இப்போது ஒரு கேள்வி வருகிறது: "சென்ற இதழை வாசித்தீர்களா?" ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். தொட்டவர் யார் என்று எங்கும் பதிவாவதில்லை. மாதக் கடைசியில் அந்த இரண்டு எண்களையும் நான் போனில் சொல்கிறேன். அவர் சந்தாக் கணக்கு எழுதும் நோட்டில் குறித்துக்கொள்கிறார்.